பதிவேட்டில் ஏறாத திருமணங்கள்: பிரான்சும் கற்பிட்டியும்

உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், தாயின் பெயர் என்று வரும் கூடுகளுக்கிடையே பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்றொரு கேள்வி இருக்கும். பாடசாலையில் சேர்ந்தபோதும், அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோதும் இந்தப் பத்திரத்தை நீங்கள் கொடுத்திருப்பீர்கள். அந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் வாசித்திருப்போம்?

பெரும்பாலானோரின் பத்திரத்தில் அதற்கு எதிரே "ஆம்" என்றே இருக்கும். வாப்பாவும் உம்மாவும் நிக்காஹ் செய்தார்கள், அது பதியப்பட்டது, அதனால் "ஆம்" என்று எழுதினார்கள். இதில் சிந்திக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் உலகில் பல நாடுகளில், பல காலங்களில், முறைப்படி திருமணம் செய்து நேர்மையாக வாழ்ந்தவர்களுக்கும் இந்த "ஆம்" கிடைக்கவில்லை. அவர்களுடைய மார்க்கம் அரசின் மார்க்கமாக இல்லாததே காரணம்.

அவ்வாறான இரு வரலாறுகளை இங்கு பார்ப்போம். ஒன்று கத்தோலிக்க நாடான பிரான்சில் வாழ்ந்த புரட்டஸ்தாந்தரின் கதை. மற்றது நமது கற்பிட்டிக் கரையில், புரட்டஸ்தாந்த ஆட்சியின் கீழ் வாழ்ந்த கத்தோலிக்கரின் கதை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. இரண்டையும் படித்த பின் நம் வீட்டு நிக்காஹ் பதிவைப் பற்றியும் சிறிது பேசுவோம்.

1. சட்டத்தின் கண்ணில் இல்லாத மக்கள்

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிறிஸ்தவ சமயம் இரண்டாகப் பிரிந்தது. உரோமாபுரியின் பாப்பரசரை ஏற்றவர்கள் கத்தோலிக்கர். அவரது அதிகாரத்தை மறுத்துப் பிரிந்தவர்கள் புரட்டஸ்தாந்தர். பிரான்சின் மன்னர் கத்தோலிக்கர்; மக்களில் பெரும்பாலோரும் கத்தோலிக்கரே. அங்கிருந்த புரட்டஸ்தாந்தச் சிறுபான்மையினரை ஹியூகெனோட்டுகள் என்று அழைத்தனர். நீண்ட உள்நாட்டுப் போர்களுக்குப் பின் 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் நான்ட் கட்டளையை வெளியிட்டார். குறிப்பிட்ட இடங்களில் வழிபடவும் அரச பதவிகளை வகிக்கவும் புரட்டஸ்தாந்தருக்கு அது உரிமை தந்தது.

அந்த உரிமை 87 ஆண்டுகளே நீடித்தது. 1685 ஒக்டோபரில் பதினான்காம் லூயி மன்னர் அந்தக் கட்டளையை ரத்துச் செய்தார். ஆலயங்களை இடிக்க உத்தரவாயிற்று. போதகர்கள் 15 நாட்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். சாதாரண மக்களோ வெளியேறவே கூடாது. தப்பிச்செல்ல முயன்று பிடிபட்ட ஆண்கள் துடுப்பு வலிக்கும் கப்பல்களுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். பிறக்கும் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கக் குருவிடமே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இத்தனை தடை இருந்தும் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் தப்பிச் சென்றனர்.

போகாமல் தங்கியவர்களின் நிலை விசித்திரமானது. 1715இல் வெளிவந்த ஓர் அரச பிரகடனம், நாட்டிலேயே தங்கியிருப்பது ஒன்றே ஒருவர் கத்தோலிக்கராக மாறிவிட்டதற்குப் போதிய சான்று என்று கருதியது. அதாவது, இலட்சக்கணக்கான புரட்டஸ்தாந்தர் பிரான்சில் வாழ்ந்தார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அங்கே ஒரு புரட்டஸ்தாந்தரும் இல்லை.

இதன் விளைவு குடும்பங்களில்தான் கடுமையாக விழுந்தது. அக்காலத்தில் அரசாங்கப் பதிவாளர் என்று ஒருவர் இல்லை. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அந்தந்த ஊர்க் கத்தோலிக்கக் குருவே தமது பதிவேட்டில் எழுதுவார். நீதிமன்றம் ஏற்கும் சான்று அதுதான். காடுகளிலும் மலைகளிலும் ஒளிந்து கூடிய தம் போதகர் முன்னிலையில் ஒரு புரட்டஸ்தாந்த இணையர் மணம் முடித்தால், அந்தத் திருமணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. முப்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்திருந்தாலும் சட்டப்படி அவள் மனைவி அல்ல. பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் அல்ல. தகப்பன் இறந்ததும் தூரத்து உறவினர் ஒருவர் வழக்குத் தொடுத்தால், வீடும் நிலமும் பிள்ளைகளின் கையை விட்டுப் போகக்கூடும்.

எல்லா நீதிபதிகளும் இதே கடுமையைக் காட்டினார்கள் என்று சொல்ல முடியாது. காலம் செல்லச் செல்ல, ஊரார் அனைவரும் கணவன் மனைவியாக ஏற்றுக்கொண்டவர்களைப் பிரிக்க மனமில்லாத நீதிபதிகளும் இருந்தார்கள். ஆனால் இரக்கமுள்ள நீதிபதி வாய்ப்பாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம். சட்டத்தில் நிச்சயமற்ற நிலை என்பதன் பொருள் இதுதான். தண்டனை தினந்தோறும் வருவதில்லை. ஆனால் வராது என்று எவராலும் உறுதி கூற முடியாது.

இங்கே ஒரு பெண்ணின் பெயரை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாரி தூரான் என்பவர் 1711இல் பிறந்தவர். அவரது சகோதரர் புரட்டஸ்தாந்தப் போதகர். 1730இல் கைதுசெய்யப்பட்ட மாரி, பிரான்சின் தென்கரையிலுள்ள ஏக்மோர்த் நகரின் கொன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் வேறு பல பெண்களோடு அடைக்கப்பட்டார். சகோதரர் 1732இல் தூக்கிலிடப்பட்டார். தம் மதத்தைக் கைவிட்டிருந்தால் மாரி வெளியே வந்திருக்கலாம். அவர் கைவிடவில்லை. 38 ஆண்டுகள் சிறையிருந்து 1768இல்தான் விடுதலையானார். உள்ளே போகும்போது அவருக்கு உங்களைவிடச் சில வயதே அதிகம். வெளியே வரும்போது அவர் உங்கள் உம்மம்மாவின் வயதை நெருங்கியிருந்தார்.

2. களப்பின் இரு கரைகள், இரு சட்டங்கள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். போர்த்துக்கேயர் கத்தோலிக்கர், அவர்கள் காலத்தில் நம் கரையோரத்து மீனவ ஊர்கள் பலவும் கத்தோலிக்கத்தைத் தழுவின. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர், சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். போர்த்துக்கேயரோடு போரிட்டு வென்ற அவர்கள், கத்தோலிக்கர் ஒவ்வொருவரையும் போர்த்துக்கேயரின் ஒற்றராகவே சந்தேகித்தனர். 1658இல் வெளியான ஒரு கட்டளை, கத்தோலிக்கக் குருமாரை வீட்டில் ஒளித்து வைப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தது.

கற்பிட்டியில் இன்றும் நிற்கும் கோட்டையை ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டினர். அதற்குக் காரணம் களப்பின் அடுத்த கரை. அக்காலத்தில் புத்தளம் ஒல்லாந்தர் வசம் இருக்கவில்லை. அது கண்டி மன்னரின் துறைமுகம். அந்தத் துறைமுகத்தின் வாணிபத்தைக் களப்பு வாயிலில் இருந்து கட்டுப்படுத்தவே கோட்டை எழுந்தது. ஆகவே கற்பிட்டியில் ஒல்லாந்தரின் சட்டம், களப்பைத் தாண்டிப் புத்தளத்தில் கண்டி அரசனின் சட்டம். 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தர் பெறும்வரை இந்த நிலை நீடித்தது.

கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற கத்தோலிக்கக் குரு 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பகலில் பிச்சையெடுத்து, இரவில் இரகசியமாக வழிபாடு நடத்தினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தர் கைதுசெய்தனர். அதன் பின் 1690இல் ஜோசப் வாஸ் வந்து சேர்ந்த இடம் நமது புத்தளம். இங்கே ஒல்லாந்தரின் கட்டளை செல்லாது. பின்னர் 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரைச் சிறையிலிட்டார். உண்மை தெரிந்ததும் விடுவித்து, பணிசெய்ய இடமும் கொடுத்தார். மன்னர் பௌத்தர் என்பதைக் கவனியுங்கள். ஜோசப் வாஸ் 1711இல் கண்டியில் காலமானார். 2015 ஜனவரியில் கொழும்புக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இந்த அடைக்கலத்தை முஸ்லிம்களும் அறிந்திருந்தனர். 1626இல் போர்த்துக்கேயர் தம் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்குக் கரையில் குடியமர்த்தினார். ஒல்லாந்தரும் நம்மவரை அந்நியர் என்று வகுத்து, அதற்காகவே ஊழியம் என்ற கட்டாய வேலையை வாங்கினர். கற்பிட்டிக் கத்தோலிக்கரின் துன்பம் நமக்குத் தொடர்பில்லாத ஒன்றல்ல.

3. தோம்பில் ஒரு பெயர்

குருமாரை ஒளிப்பது ஆபத்து. அது எல்லோருக்கும் நேர்ந்ததல்ல. எல்லோரையும் தொட்டது பதிவு. ஒல்லாந்தர் ஊர்தோறும் பாடசாலை வைத்து, அதன் ஆசிரியரிடம் ஒரு பதிவேட்டைக் கொடுத்தனர். இதற்குத் தோம்பு என்று பெயர். ஞானஸ்நானமும் திருமணமும் சீர்திருத்தத் திருச்சபையின் முறைப்படி நடந்தால் தோம்பில் ஏறும். அந்த முறைக்கு வெளியே நடந்த திருமணத்தை ஒல்லாந்தச் சட்டம் ஏற்கவில்லை. அத்தகைய திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமை கோருவது கடினமாயிற்று.

கற்பிட்டியில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கத் தாயை நினைத்துப் பாருங்கள். மகளின் திருமணம் இறைவன் முன் செல்லுபடியாக வேண்டுமானால் தன் குருவானவர் வேண்டும். வழக்கு மன்றத்தில் செல்லுபடியாக வேண்டுமானால் ஒல்லாந்தப் போதகர் வேண்டும். பலர் இரண்டையும் செய்தனர். பகலில் ஒல்லாந்தரின் ஆலயத்தில் நின்று பெயரைப் பதிந்துவிட்டு, குருவானவர் வரும் இரவுக்குக் காத்திருந்து தம் முறைப்படி மீண்டும் மணம் முடித்தனர். தோம்புக் கணக்கின்படி கரையோரத்தில் ஆயிரக்கணக்கான புரட்டஸ்தாந்தர் இருந்தனர். அவர்களுள் பலர் பெயரளவில் மட்டுமே அப்படி இருந்தவர்கள். பிரான்சிலே புரட்டஸ்தாந்தர் பலர் கத்தோலிக்கப் பதிவேட்டுக்காகச் செய்ததையே, இங்கே கத்தோலிக்கர் புரட்டஸ்தாந்தப் பதிவேட்டுக்காகச் செய்தனர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரான்சிலிருந்து தப்பிய ஹியூகெனோட்டுகளை வரவேற்ற நாடுகளுள் ஒல்லாந்து முக்கியமானது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1688இல் அவர்களுள் சிலரைத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேற்றிக் குடியமர்த்தியது. அதே கம்பனிதான், அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கக் குருமாரைத் தேடிக்கொண்டிருந்தது. தான் பட்ட துன்பத்தைப் பிறருக்குச் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வரலாறு தரும் சான்றுகளுள் இதுவும் ஒன்று. சிறுபான்மையாக இருக்கும்போது நாம் கேட்கும் நீதியை, பெரும்பான்மையாக இருக்கும் ஊரில் நாம் கொடுக்கிறோமா என்று நம்மையும் கேட்டுக்கொள்ளலாம்.

4. 1787, 1806

பிரான்சில் மாற்றம் மெதுவாக வந்தது. 1762இல் துலூஸ் நகரில் ஜோன் கலா என்ற புரட்டஸ்தாந்த வணிகர், மகனைக் கொன்றார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். அறிஞர் வோல்த்தேயர் அவருக்காக எழுதியும் வாதாடியும் நீதி பெற்றுக் கொடுத்தார். பின்னர் மால்செர்ப் என்ற அமைச்சர், புரட்டஸ்தாந்தரின் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1787 நவம்பரில் பதினாறாம் லூயி மன்னர் வெர்சாய் கட்டளையில் கையொப்பமிட்டார்.

அந்தக் கட்டளை கொடுத்தது மிகக் குறைவு. பொது வழிபாட்டு உரிமை கத்தோலிக்கருக்கு மட்டுமே என்பது தொடர்ந்தது. நீதிபதிப் பதவியும் ஆசிரியப் பதவியும் புரட்டஸ்தாந்தருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் மதம் மாறாமலே பதியலாம் என்றது. குருவிடம் போக விரும்பாதவர் ஊர் நீதிபதியிடம் போகலாம். முன்பு மறைவில் மணம் முடித்தவர்கள் ஓராண்டுக்குள் வந்து அறிவித்தால் அந்தத் திருமணமும் செல்லும், பிள்ளைகளும் சட்டபூர்வமானவர்கள். பல முதியவர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் பழைய திருமணத்தைப் பதிந்தார்கள். முழுமையான சம உரிமை 1789இல் தொடங்கிய புரட்சியுடன் வந்தது. 1792இல் பதிவேடுகள் ஆலயங்களிலிருந்து நகரசபைகளுக்கு மாற்றப்பட்டன.

இலங்கையில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தரின் கெடுபிடி தளர்ந்தது. ஆயினும் சட்டத்தில் தடைகள் இருந்தன. 1796இல் கரையோரம் பிரித்தானியர் வசமானது. ஆளுநர் மெயிற்லண்ட் காலத்தில் 1806ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பிரமாணம் பிறந்தது. ஜூன் 4 முதல் கத்தோலிக்கர் தடையின்றி வழிபடவும் எல்லாக் குடியுரிமைகளையும் அனுபவிக்கவும் அது வழிசெய்தது. 1795 ஆகஸ்ட் 26 முதல் கத்தோலிக்க முறைப்படி நடந்த திருமணங்கள், ஒல்லாந்தரின் முறையைப் பின்பற்றாதவையாயினும் செல்லும் என்றும் அது கூறியது. பிரித்தானியாவிலேயே கத்தோலிக்கருக்கு இத்தகைய விடுதலை 1829இல்தான் கிடைத்தது.

அதே 1806 ஆகஸ்ட் 5இல் முஸ்லிம்களின் வாரிசுரிமை, விவாகம் பற்றிய சட்டக்கோவையும் வெளியிடப்பட்டது. முதலில் கொழும்புப் பகுதிக்காக வந்த அது 1852இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. இரு சிறுபான்மைச் சமூகங்கள் ஏறத்தாழ இரு மாத இடைவெளியில் தத்தம் முறைப்படி குடும்பமாக வாழச் சட்டத்தின் ஏற்பைப் பெற்ற ஆண்டு அது. இதை நமது பாடநூலில் இரு வரிகளில் கடந்து விடுகிறோம்.

5. நம் வீட்டுப் பதிவு

1886இல் முஸ்லிம் விவாகப் பதிவுக்கெனக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையிலிருப்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். பிரான்சின் புரட்டஸ்தாந்தரும் கற்பிட்டிக் கத்தோலிக்கரும் ஏங்கிய வாசல் நமக்குத் திறந்தே இருக்கிறது. நம் மார்க்க முறைப்படி நடந்த நிக்காஹை அப்படியே அரசாங்கம் பதிகிறது.

இந்தச் சட்டத்தின்படி நிக்காஹ் பதியப்படாவிட்டாலும் மார்க்கப்படி செல்லும். பதிவது கடமை, ஆனால் பதியாததால் நிக்காஹ் முறியாது. இது நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்ட ஏற்பாடு. ஆயினும் இதைக் காரணங்காட்டி "பிறகு பதியலாம்" என்று விட்டுவிடும் வீடுகள் உண்டு. பிறகு கணவர் விட்டுச் சென்றால் தாபரிப்புக் கோருவதற்கும், அவர் இறந்தால் ஓய்வூதியமும் வாரிசுரிமையும் பெறுவதற்கும், பிள்ளையின் பத்திரத்தில் அந்த "ஆம்" எழுதப்படுவதற்கும் சான்று தேடி அலைபவள் பெண்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுச் சில மணி நேரத்தில் வெறுங்கையோடு புத்தளம் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதிவின் மறுபிரதி எங்கோ இருந்தவர்கள் அதைத் தேடி எடுக்க முடிந்தது. பதியாதவர்களுக்குச் சாட்சிகளின் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சியது. சாட்சிகளும் திசைக்கொருவராய்ச் சிதறியிருந்தனர்.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. அந்தப் பதிவில் மணமகன் கையொப்பமிடுகிறார். மணமகளின் வலி கையொப்பமிடுகிறார். நிக்காஹை நடத்தியவர் கையொப்பமிடுகிறார். மணமகளின் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. அவளது சம்மதம் மார்க்கத்தில் அவசியம் என்று நாம் அறிவோம். அது பதிவிலும் தெரிய வேண்டும் என்று கேட்போர் நம் சமூகத்துக்குள்ளேயே இருக்கின்றனர். 2009இல் நியமிக்கப்பட்டு 2018இல் அறிக்கை கொடுத்த நீதியரசர் சலீம் மர்சூப் குழுவும் இச்சட்டத்தின் பல விடயங்களை ஆராய்ந்தது. எல்லாவற்றிலும் நம் ஆலிம்களும் சட்டத்தரணிகளும் ஒரே கருத்தில் இல்லை. ஆனால் சம்மதம் எழுத்தில் இருப்பதால் எந்தப் பெண்ணுக்கும் தீங்கு நேரப்போவதில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியதல்லவா? ஒரு கடனுக்கே அத்தனை கவனம் என்றால், ஒரு பெண்ணின் வாழ்வுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

மாணவியருக்கு ஒரு பயிற்சி

இந்த விடுமுறையில் உம்மாவிடம் கேட்டு நிக்காஹ் பதிவின் பிரதியைப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்தப் பதிவாளர், மஹர் எவ்வளவு, யார் யார் கையொப்பம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உம்மம்மாவின் திருமணம் பதியப்பட்டதா என்றும் கேளுங்கள். கற்பிட்டிப் பக்கமோ தலவிலவிலோ கத்தோலிக்கத் தோழிகள் இருந்தால், அவர்கள் குடும்பத்தின் பழைய திருமணங்கள் எங்கே பதியப்பட்டன என்று விசாரியுங்கள். அந்தக் குறிப்புகளை வைத்துப் பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதுங்கள்.

1. வழிபாட்டு உரிமை தராத 1787ஆம் ஆண்டுக் கட்டளையைப் பிரான்சின் புரட்டஸ்தாந்தர் ஏன் பெரும் பேறாகக் கருதியிருப்பர்?

2. ஒரே களப்பின் இரு கரைகளில் இரு சட்டங்கள் இருந்ததால் மக்களுக்கு உண்டான நன்மை, தீமை யாவை?

3. பதிவேட்டை ஒரு மதத்தாரின் கையில் கொடுப்பதற்கும், எல்லா மதத்தாரின் திருமணத்தையும் அரசே பதிவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பதியப்படாத நிக்காஹ் ஏதும் இருந்தால், மகளின் அடுத்த பரீட்சை விண்ணப்பத்துக்குக் காத்திராமல், உங்கள் பகுதி முஸ்லிம் விவாகப் பதிவாளரை இந்த வாரமே சென்று பாருங்கள்.